உங்கள் போன் சிப்புக்கு எத்தனை வோல்ட்? எல்லைக்கோடு போடுவது யார்?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கரண்டைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நெய்வேலி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதே மாவட்டத்தில்தான் ‘லோ வோல்டேஜ்’ என்று அலுத்துக்கொள்ளும் தெருக்களும், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் போடும் ஸ்டெபிலைசர்களும் இருக்கின்றன.

வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு ஒரு எல்லை உண்டு. இந்திய மின்சார விதிகள் 1956-லேயே அதை வகுத்துவிட்டன. வீட்டு இணைப்புகளில் அறிவிக்கப்பட்ட வோல்டேஜைவிட 6 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். அதைத் தாண்டக் கூடாது. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால், சுமாராக 216 முதல் 244 வோல்ட் வரை.

அதே மின்சாரம் சார்ஜர் வழியாக 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ குறைந்து, பேட்டரியில் 4 வோல்ட் அளவில் சேமிக்கப்பட்டு, கடைசியில் போனின் பிராசஸருக்குள் போகும்போது 1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அந்தக் கடைசிப் படியிலும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. ஆனால், அதை எழுதியிருப்பது அரசாங்கம் இல்லை. போனின் இயங்குதளத்துக்கு உள்ளே, கெர்னல் என்ற அடித்தள மென்பொருள் படிக்கும் ஒரு கோப்பில் சில எண்களாக அது எழுதப்பட்டிருக்கிறது.

அந்த எண்கள் தப்பாகிப் போனால் என்ன ஆகும்? சில சமயம் போர்டு பூட் ஆகாது. சில சமயம் சிப் கருகும். சில சமயம் ரகசியச் சாவியே திருடு போகும். மூன்றும் நடக்கக்கூடியவைதான்.

ஒரே வோல்டேஜில் வைத்துவிட்டால் என்ன?

வைக்கலாம். பேட்டரி தாங்காது.

சிப் செலவழிக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் அந்தச் செலவும் பாதியாகும். வோல்டேஜ் விஷயம் இன்னும் சுவாரசியம். செலவு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 1.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்கு இறக்கினால், வேகத்தைத் தொடாமலே செலவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அதனால்தான் நீங்கள் வாட்ஸ்அப் படிக்கும்போது பிராசஸர் குறைந்த வேகத்திலும் குறைந்த வோல்ட்டிலும் ஓடுகிறது. கேம் ஆடும்போது இரண்டும் ஏறுகின்றன. ஒரு நொடிக்குள் பலமுறை இது மாறலாம்.

இதில் ஒரு வரிசை உண்டு. வேகத்தை ஏற்ற வேண்டுமானால் முதலில் வோல்டேஜை ஏற்ற வேண்டும், பிறகுதான் வேகம். இறக்கும்போது தலைகீழ்: முதலில் வேகம், பிறகு வோல்டேஜ். வரிசை மாறினால், போதுமான வோல்டேஜ் இல்லாமல் சிப் வேகமாக ஓட முயலும். கணக்கு தப்பும். போன் ஹேங் ஆனால்கூடப் பரவாயில்லை. சத்தமில்லாமல் தப்பான விடை வருவதுதான் ஆபத்து.

கேட்பது யார், கொடுப்பது யார்?

வோல்டேஜைக் கொடுப்பவை ரெகுலேட்டர்கள். இவற்றில் இரண்டு வகை அதிகம். ஒன்று, கூடுதலாக வரும் வோல்டேஜை வெப்பமாக்கி வெளியே தள்ளிவிட்டு, தேவையானதை மட்டும் கொடுப்பது. எளிமையானது, மின் இரைச்சல் குறைவு, ஆனால் வீணாவது அதிகம். இன்னொன்று, மின்சாரத்தை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து சராசரியாகக் குறைந்த வோல்டேஜை எடுப்பது. இதில் வீணாவது குறைவு. போனில் இப்படிப் பல ரெகுலேட்டர்களைப் ‘பவர் மேனேஜ்மென்ட் ஐசி’ என்ற சிப்பில் ஒன்றாக அடைத்துவிடுகிறார்கள். பிராசஸர், கேமரா, திரை, மெமரி என ஒவ்வொன்றுக்கும் தேவையான மின்சாரம் அங்கிருந்து தனித்தனி லைன்களாகப் போகிறது.

கேட்பவை டிரைவர்கள். கேமராவை இயக்கும் மென்பொருள், மெமரி கார்டை இயக்கும் மென்பொருள் என ஒவ்வொரு பாகத்துக்கும் கெர்னலுக்குள் ஒரு டிரைவர் இருக்கும். ‘எனக்கு 1.8 வோல்ட் வேண்டும்’, ‘எனக்கு இப்போது வேண்டாம், அணைத்துவிடு’ என்று அவை கேட்கும்.

வீட்டு ஸ்டெபிலைசரிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரிடம், ‘இன்றைக்கு எனக்கு 260 கொடு’ என்று கேட்பதில்லை. சிப் உலகில் கேட்கும். கேட்டதையெல்லாம் கொடுத்தால் கதை முடிந்தது.

அதற்காக நடுவில் ஒரு பஞ்சாயத்து வேண்டும். லினக்ஸ் கெர்னலில் அந்தப் பஞ்சாயத்தின் பெயர் ‘ரெகுலேட்டர் ஃப்ரேம்வொர்க்’. எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வுல்ஃப்சன் மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் லியம் கிர்ட்வுட், மார்க் பிரவுன் ஆகியோரின் உழைப்பில் உருவான இது, 2008-ல் வெளியான லினக்ஸ் 2.6.27 பதிப்பில் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

இந்தப் பஞ்சாயத்தின் சட்டப் புத்தகம்தான் ‘கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ்’. தமிழில் சொன்னால் கட்டுப்பாட்டு எல்லைகள். ஒவ்வொரு லைனுக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, அணைக்கலாமா கூடாதா, மாற்றலாமா கூடாதா என்பதெல்லாம் இதில் இருக்கும். டிரைவர் என்ன கேட்டாலும் சரி, முடிவு இந்த எல்லைக்குள்தான்.

கெர்னலால் தானாகக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. இந்த விஷயத்தின் மையமே இதுதான்.

யூஎஸ்பி பென்டிரைவைச் சொருகினால், ‘நான் இன்னார்’ என்று அதுவே சொல்லிவிடும். ஆனால், ஒரு போர்டில் ரெகுலேட்டரின் மூன்றாம் நம்பர் லைன் எந்தச் சிப்புக்குப் போகிறது, அந்தச் சிப் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை மென்பொருள் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அது போர்டை வடிவமைத்தவருக்கு மட்டுமே தெரியும். ஒரே ரெகுலேட்டர் சிப், ஒரு போர்டில் மெமரிக்கும் இன்னொரு போர்டில் கேமராவுக்கும் போகலாம்.

இதனால் லினக்ஸ் ஒரு கறாரான கொள்கை வைத்திருக்கிறது: எழுதிக் கொடுக்காத எதையும் தொடாதே. ரெகுலேட்டர் அமைப்பில் தவறு நடந்தால் வன்பொருள் நிரந்தரமாகப் பழுதாகலாம் என்பதைக் கெர்னலின் வடிவமைப்பு ஆவணமே முன்வைக்கிறது. வோல்டேஜை மாற்ற எல்லைகளில் அனுமதி இல்லையா? மாற்றாது, பிழை என்று திருப்பி அனுப்பிவிடும்.

கோப்பில் என்ன எழுத வேண்டும்?

ஒரு கற்பனை உதாரணம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் சிலர் பிச்சாவரம் கழிமுகத்தில் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் ஒரு கருவியை ப்ராஜெக்ட்டாகச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சோலார் பேனல், பேட்டரி, லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு, ஒரு சென்சார், ஒரு ரேடியோ, தகவலைச் சேமிக்க ஒரு எஸ்டி கார்டு.

இதில் விளையாட்டு இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, மாவட்டத்தின் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் பேட்டரியில் தாக்குப்பிடிக்க வேண்டிய கருவி இது. தேவையில்லாத பாகங்களை அணைத்தால்தான் பேட்டரி தாங்கும். அணைக்கக் கூடாததை அணைத்தால் கருவியே செத்துவிடும்.

போர்டின் அமைப்பை ‘டிவைஸ் ட்ரீ’ என்ற கோப்பில் எழுதுவார்கள். ஒவ்வொரு ரெகுலேட்டர் லைனுக்கும் அதில் முக்கியமாக நான்கு விஷயங்கள் வரும்.

குறைந்தபட்சம், அதிகபட்சம்: இவற்றை மைக்ரோவோல்ட்டில் எழுத வேண்டும். 1 வோல்ட் என்றால் 10 லட்சம் மைக்ரோவோல்ட். ஆக, 1.8 வோல்ட் என்பது 1800000, 3.3 வோல்ட் என்பது 3300000. ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போனால் 0.18 வோல்ட் ஆகிவிடும். இதுகூடப் பெரும்பாலும் உடனே பிழையாகத் தெரிந்துவிடும். 1.8 வோல்ட் லைனுக்கு 3.3 என்று எழுதுவதுதான் மோசம். எண் பார்க்கச் சரியாக இருக்கும், ரெகுலேட்டரும் கொடுத்துவிடும், எதிர்முனையில் இருக்கும் சிப்தான் தாங்காது.

இரண்டிலும் ஒரே எண்ணை எழுதினால் பூட்டுப் போட்டது போல. அந்த லைனின் வோல்டேஜை எந்த டிரைவராலும் மாற்ற முடியாது. வேறு வேறு எண் எழுதினால், அந்த இடைவெளிக்குள் மாற்ற அனுமதி கொடுத்ததாகப் பொருள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ரெகுலேட்டர் சிப்பின் டேட்டாஷீட்டைத் திறந்து, ‘0.8 முதல் 3.3 வரை தரும்’ என்று இருந்தால் அதையே கோப்பில் எழுதிவிடுவார்கள். அது ரெகுலேட்டரின் திறமை. போர்டின் பாதுகாப்பு எல்லை அது இல்லை. பைக் 120 கிலோமீட்டர் வேகம் போகும் என்பதற்காகச் சிதம்பரம் தெற்கு வீதியில் 120 போகலாம் என்று பலகை வைப்பது போல. அந்த லைனில் இருக்கும் பாகங்கள் எதைத் தாங்குமோ, அதைத்தான் எழுத வேண்டும்.

ஆல்வேஸ்-ஆன்: எந்த நேரத்திலும் அணைக்கக் கூடாத லைன். மெமரி, பிராசஸரின் அடிப்படைப் பகுதி போன்றவை.

பூட்-ஆன்: கெர்னல் வருவதற்கு முன்பே பூட்லோடர் இதை ஆன் செய்துவிட்டது என்ற தகவல். ‘எப்போதும் அணைக்காதே’ என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்தக் குழப்பம் ஒரு வேடிக்கையான பிரச்சினையைக் கொண்டுவரும்.

முப்பதாவது நொடி மர்மம்

போர்டு நன்றாகப் பூட் ஆகிறது. லாகின் கேட்கிறது. சுமார் அரை நிமிடத்தில் திடீரென்று உறைந்துபோகிறது. மறுபடி ஆன் செய்தால் மறுபடியும் அதே கதை.

காரணம் இதுதான். கெர்னல் தொடங்கிச் சுமார் 30 நொடிகள் கழித்து, ‘யாருமே கேட்காத ரெகுலேட்டர்கள் ஏதாவது ஓடுகின்றனவா?’ என்று ஒரு சுற்று பார்க்கும். இருந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைத்துவிடும். ஏதோ ஒரு முக்கியமான லைனுக்கு ஆல்வேஸ்-ஆன் எழுத மறந்திருப்பார்கள், அல்லது அதைப் பயன்படுத்தும் பாகத்தின் பெயரை அதனோடு இணைக்காமல் விட்டிருப்பார்கள். கெர்னலின் கண்ணுக்கு அது அநாதை லைன். கடைசியாக வீட்டை விட்டுப் போகிறவர் எல்லா ஸ்விட்சையும் அணைப்பது போல அணைத்துவிடும். மாட்டிக்கொள்வது போர்டு.

‘சரி, வம்பே வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஆல்வேஸ்-ஆன் போட்டுவிடுவோம்’ என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. பேட்டரி சீக்கிரம் தீரும் என்பது ஒன்று. எஸ்டி கார்டு இன்னொன்று. வேகமான எஸ்டி கார்டுகள் 3.3 வோல்ட் சிக்னலில் பேச்சைத் தொடங்கி, பிறகு 1.8 வோல்ட்டுக்கு மாறிக்கொள்ளும். போர்டு ரீஸ்டார்ட் ஆனாலும் கார்டுக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால், கார்டு பழைய 1.8 நிலையிலேயே உட்கார்ந்திருக்கும். போர்டோ மறுபடி 3.3-ல் கூப்பிடும். விளைவு, ‘கார்டு இல்லை’ என்று காட்டலாம். ஒருமுறை அணைத்து ஆன் செய்தால் தீரும் பிரச்சினை. ஆனால் அணைக்கக் கூடாது என்று நாமேதான் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரே லைன், இரண்டு பேர்

செலவைக் குறைக்க ஒரே ரெகுலேட்டரில் பல பாகங்களை மாட்டுவது வழக்கம். நம் கருவியில் சென்சார் 1.7 முதல் 3.6 வோல்ட் வரை தாங்கும், ரேடியோவுக்கு 2.2 முதல் 3.6 வரை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போர்டின் எல்லை 1.8 முதல் 3.3.

சென்சார் மட்டும் கேட்டால், எல்லைக்குள் அடங்கும் மிகக் குறைந்த வோல்டேஜான 1.8 கிடைக்கும். ரேடியோவும் சேர்ந்து கேட்டால், மூன்றுக்கும் பொதுவான பகுதி 2.2 முதல் 3.3. கெர்னல் 2.2-க்கோ அதற்கு மேல் ரெகுலேட்டரால் தரக்கூடிய அடுத்த படிக்கோ போகும். மூன்றாவதாக 1.95-க்கு மேல் தாங்காத ஒரு சிப்பையும் அதே லைனில் மாட்டினால் பொதுவான பகுதியே இருக்காது. அப்போது கெர்னல் சமரசம் செய்யாது, மறுத்துவிடும். அந்த மறுப்பைப் பார்த்துக் கோப்பில் எண்ணைத் தளர்த்துவது தீர்வு இல்லை. சிப்பை வேறு லைனுக்கு மாற்றுவதுதான் தீர்வு.

அணைப்பதிலும் இதே நியாயம்தான். மூன்று டிரைவர்கள் ஆன் செய்த லைனை, மூன்றாவது டிரைவரும் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்ன பிறகுதான் கெர்னல் அணைக்கும்.

எல்லை சரியில்லாவிட்டால்?

இது மாணவர் ப்ராஜெக்ட்டோடு முடியும் விஷயம் இல்லை. உலகின் இரண்டு பெரிய பிராசஸர் நிறுவனங்களும் அண்மையில் இதில் அடிபட்டிருக்கின்றன. அவை கணினி பிராசஸர்கள்; வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது அங்கே பயாஸும் மைக்ரோகோடும். ஆனால் பாடம் ஒன்றுதான்.

2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி வரிசை பிராசஸர்கள் சில, மதர்போர்டோடு சேர்ந்து கருகிய படங்கள் வெளியாயின. சிப்பின் ஒரு பகுதிக்குச் சில மதர்போர்டுகள் அதிக வோல்டேஜ் கொடுத்ததே பிரச்சினையின் மையம். தீர்வாக, பயாஸ் அப்டேட் மூலம் அந்த வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போடப்பட்டது.

2024-ல் இன்டெல்லின் முறை. 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் காரணமில்லாமல் கிராஷ் ஆவதாகப் புகார்கள் குவிந்தன. சிப்புக்குள் இருக்கும் மைக்ரோகோடு, தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் மாத அப்டேட், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. வாரன்ட்டியும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால், ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை எந்த அப்டேட்டாலும் மீட்க முடியாது.

இரண்டிலும் தீர்வு ஒரு உச்சவரம்புதான். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கோடு, சேதத்துக்குப் பிறகு போடப்பட்டது.

கெர்னலே எதிரியின் கையில் இருந்தால்?

2017-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் டாங், சிம்ஹா சேதுமாதவன், சால்வடோர் ஸ்டோல்ஃபோ ஆகியோர் ‘கிளாக்ஸ்க்ரூ’ என்ற தாக்குதலைச் செய்து காட்டினார்கள். கருவி, நெக்சஸ் 6 ஆண்ட்ராய்டு போன். அதன் வேகத்தையும் வோல்டேஜையும் நிறுவனம் பரிந்துரைத்த எல்லைக்கு வெளியே தள்ள, கெர்னல் டிரைவரே போதுமானதாக இருந்தது. ஒரு வோல்டேஜுக்கு ஒத்துவராத வேகத்தில் சிப்பை ஒரு கணம் ஓடவிட்டால், கணக்கில் ஒரு சின்னப் பிழை விழும். அந்தப் பிழையைச் சரியான கணத்தில் விழவைத்து, கெர்னலால்கூட எட்டிப்பார்க்க முடியாத ‘ட்ரஸ்ட்ஸோன்’ என்ற பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்த ரகசியச் சாவியை வெளியே எடுத்தார்கள். போனைக் கழற்றவில்லை, ஒரு வயர்கூட இணைக்கவில்லை. எல்லாமே மென்பொருள்.

2019 டிசம்பரில் வெளியான ‘ப்ளண்டர்வோல்ட்’ இதே வித்தையை இன்டெல் பிராசஸர்களில், வோல்டேஜைக் குறைத்துச் செய்து காட்டியது. இன்டெல் அந்த வோல்டேஜ் வாசலைப் பூட்ட வழிசெய்யும் அப்டேட் கொடுக்க வேண்டியிருந்தது.

இதில் தெரிவது, கெர்னலில் எழுதும் எல்லை தவறுதலைத் தடுக்கும். திருடனைத் தடுக்காது என்பதுதான். கெர்னலையே கைப்பற்றியவன் எல்லையையும் மாற்றி எழுதிவிடுவான். அதனால் வன்பொருளிலோ தனி ஃபர்ம்வேரிலோ இரண்டாவது எல்லை ஒன்று தேவைப்படுகிறது.

நமக்கு என்ன?

* கணினியில் பயாஸ் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பிராசஸரின் உச்சவரம்பு அதற்குள் இருக்கலாம்.

* ‘பேட்டரி இரட்டிப்பு நேரம் நிற்கும்’ என்று சொல்லிப் போன் வோல்டேஜை மாற்றும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கெர்னல்களைப் போடாதீர்கள். அந்த எல்லைகள் யாருடைய போனில் சோதிக்கப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியாது.

* ராஸ்பெர்ரி பை வைத்து ப்ராஜெக்ட் செய்பவர்கள், குறைவோல்டேஜ் எச்சரிக்கை வந்தால் கெர்னலைச் சந்தேகிக்கும் முன் சார்ஜரையும் கேபிளையும் பாருங்கள். 5 வோல்ட் சப்ளை சுமார் 4.63-க்குக் கீழே இறங்கும்போது வரும் எச்சரிக்கை அது. மெல்லிய, நீளமான யூஎஸ்பி வயரே காரணமாக இருக்கலாம்.

* சொந்தமாக போர்டு செய்பவர்கள், கோப்பில் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் ‘இந்த லைனில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் மிகவும் பலவீனமானவர் எவ்வளவு தாங்குவார்?’ என்று கேளுங்கள். ரெகுலேட்டர்கள், அவற்றின் இப்போதைய வோல்டேஜ், எல்லைகள், யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற பட்டியலைக் கெர்னலே ‘ரெகுலேட்டர் சம்மரி’ என்ற பெயரில் காட்டும். அதோடு ஒரு மல்டிமீட்டரும் இருந்தால், காகிதத்தில் இருப்பதும் போர்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்த்துவிடலாம்.

மின்வாரியத்தின் 6 சதவீதம் மீறப்பட்டால் புகார் கொடுக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. 1 வோல்ட்டுக்குள் நடக்கும் தவறுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அந்த எண்ணை எழுதுகிறவர் ஒருமுறை டேட்டாஷீட்டைத் திறந்து சரிபார்ப்பதுதான் அங்கே இருக்கும் முதல் பாதுகாப்பு.